பாக்டீரியாவின் வடிவம் பார்த்து வகை பிரிப்பது எப்படி: டெல்டா மாணவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நுண்ணுயிரியலோ தாவரவியலோ வேளாண்மையோ படிக்கச் சேர்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ‘பாக்டீரியாவின் வடிவங்கள், கிராம் சாயமேற்றம்’ என்று ஒரு செய்முறை வந்துவிடும். புத்தகப் படத்தில் உருண்டை, குச்சி, சுருள் எல்லாம் தெளிவாக இருக்கும். நுண்ணோக்கியில் கண் வைத்தால் ஊதாத் தூசியும் இளஞ்சிவப்புக் கறையும்தான் தெரியும். பலரும் தெரிகிறது என்று தலையாட்டிவிட்டு, புத்தகப் படத்தையே ரெக்கார்டில் வரைந்துவிடுகிறார்கள். வைவாவில் இரண்டாவது கேள்விக்கே திணறிப் போகிறார்கள்.

எனக்கு இதைப் பொறுமையாகச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை; தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். கீழே உள்ள வரிசையில் போனால் உங்களுக்கு அந்தச் சிரமம் இருக்காது. கண்ணால் கண்டதை முதலில் எழுதுங்கள், பெயரை அப்புறம் எழுதுங்கள். மொத்த வழிகாட்டியும் இதைத்தான் சுற்றி வரும்.

1. முதலில் தாள்கள்

மூன்று தாள்கள் தயாராக இருக்க வேண்டும்.

ஒன்று, அப்சர்வேஷன் நோட்டு. இதில் அன்றன்றைக்குப் பார்த்ததை அங்கேயே பென்சிலால் வரைந்து, அன்றைக்கே ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ரெக்கார்டு நோட்டை அப்புறம் அழகாக எழுதிக்கொள்ளலாம். தேர்வு நெருங்கும்போது மொத்தமாகக் கையெழுத்துக்குப் போய் நின்றால், திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினால் மறுபடி பார்க்க மாதிரி இருக்காது.

இரண்டாவது, மாதிரிச் சீட்டு. எந்த ஊர், எந்த வயல் அல்லது எந்த வீடு, எடுத்த தேதி, நேரம், பயிரானால் ரகமும் வயதும். இதைப் பாட்டிலில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் மூடி மாறும்போது சீட்டும் மாறிவிடும்.

மூன்றாவது, வெளி ஆய்வகத்துக்கோ பண்ணைக்கோ போகிறதானால் துறைத் தலைவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் போனஃபைட் சான்றிதழும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ போக நினைத்தால், முன்கூட்டியே எழுதிப் பதில் வந்த பிறகு கிளம்புங்கள். அடையாளம் உறுதி செய்த தூய வளர்ப்பு வேண்டுமானால் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் கேட்கலாம். ஆனால் துறை வழியாகத்தான் கேட்க வேண்டும், தனி ஆளாக முயன்று நாளை வீணாக்காதீர்கள்.

2. செலவு

நுண்ணோக்கி வாங்க வேண்டாம். 100எக்ஸ் எண்ணெய் லென்ஸ் உள்ள மாணவர் நுண்ணோக்கிக்கே பல ஆயிரம் ஆகும், கல்லூரியில் இருப்பதே போதும். நான்கைந்து பேர் சேர்ந்து பொருள்களை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லைடு ஐம்பது கொண்ட பெட்டி 100 முதல் 200 ரூபாய், கவர் ஸ்லிப் 50 முதல் 100, கிராம் சாயம் நான்கு புட்டி கொண்ட சிறிய செட் 400 முதல் 800, இமர்ஷன் ஆயில் சின்னப் புட்டி 100 முதல் 200 என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்குக் கடை விலை மாறும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகள் இருக்கின்றன; போன் செய்து இருப்பைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரு பொருள் ஸ்லைடு. பழைய ஸ்லைடைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் எண்ணெய்ப் பிசுக்கு போகாது. போடும் சொட்டு பரவாமல் முத்து முத்தாக நிற்கும், கழுவும்போது பூச்சு அப்படியே பெயர்ந்து வந்துவிடும்.

3. எந்த மாதிரி, எந்த மாதத்தில்

இதில்தான் டெல்டாக்காரர்களுக்கு நல்ல வசதி. கேட்ட வடிவத்துக்கெல்லாம் வீட்டிலும் வயலிலும் மாதிரி இருக்கிறது; காலம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

தயிரும் இட்லி மாவும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். இரவு உறை ஊற்றிய தயிரைக் காலையில் எடுங்கள். அதில் சங்கிலியாக நிற்கும் உருண்டைகளும், புளிக்கப் புளிக்க நீளமான குச்சிகளும் தெரியும். கட்டித் தயிரை எடுக்காதீர்கள்: பாலின் புரதமும் கொழுப்பும் சாயத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறைத்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் ஒரு துளி போதும். இட்லி மாவில் லூக்கனோஸ்டாக் இனம் இருக்கும், இரண்டிரண்டாகவும் சிறு சங்கிலியாகவும் நிற்கும் உருண்டை. மாவைத் தண்ணீரில் கரைத்து, மாவுத்துகள் அடியில் படிந்த பிறகு மேல் தண்ணீரை எடுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. மாவில் ஈஸ்ட்டும் உண்டு. அதுவும் ஊதாவாகவே சாயம் ஏறும். ‘பெரிய காக்கஸ்’ (காக்கஸ் என்றால் உருண்டை பாக்டீரியா) என்று பலர் எழுதுவது இதைத்தான். பாக்டீரிய உருண்டை சுமார் 1 மைக்ரோமீட்டர். ஈஸ்ட் அதைப்போலப் பல மடங்கு பெரியது, பக்கத்தில் மொட்டு விட்டிருக்கும்.

உளுந்து, பயறு வேர் முடிச்சுக்கு சம்பா அறுவடைக்குப் பிறகு வரும் மாதங்கள்தான் காலம். அறுவடைக்கு முன்னால் நின்ற பயிரிலேயே தெளித்த உளுந்து ஒரு மாதம் தாண்டியதும், பூக்கிற சமயத்தில், செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். நன்றாகக் கழுவி, ஒரு முடிச்சைப் பிளேடால் நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிற முடிச்சு. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முதிர்ந்துவிட்டது, வேறொன்றை எடுங்கள். நறுக்கிய முகத்தை ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் நசுக்கினால் தண்ணீர் பால்போல் கலங்கும். அந்தக் கலங்கல் முழுக்க பாக்டீரியா, கிராம் எதிர்க் குச்சிகள் (கிராம் சாயத்தில் ஊதாவாக நிற்பது நேர் வகை, இளஞ்சிவப்பாவது எதிர் வகை).

பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் கடலை முடிச்சையும் கூடவே பாருங்கள். கடலை வேர் முடிச்சுக்குள் அதே கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியா உருண்டு பருத்துக் கோளமாக இருக்கும். ஆய்வகத்தில் சத்துக்கூழ்த் தட்டில் வளர்த்தால் குச்சியாகிவிடும். வடிவம் என்பது பிறப்பில் எழுதிவைத்த ஒன்று அல்ல, இருக்கிற இடத்தைப் பொறுத்தும் மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் மாதிரி எனக்குத் தெரியாது. ரெக்கார்டில் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வரையுங்கள்.

வளைந்த குச்சிக்கு அசோஸ்பைரில்லம். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கும். பொடிப் பாக்கெட்டை எடுத்தால் கருப்புத்துகள்தான் தெரியும். திரவப் புட்டியைக் கேளுங்கள், தயாரிப்புத் தேதி பாருங்கள். பழைய புட்டியில் செல்கள் உருண்டு போயிருக்கலாம். பெயரைப் பார்த்துச் சுருளைத் தேடாதீர்கள், லேசாக வளைந்த தடித்த குச்சிதான் தெரியும்.

நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கிடைக்கும். கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை நறுக்கித் தெளிந்த தண்ணீரில் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து வெண்மையான கசிவு நூலாக இறங்கும். சாந்தோமோனாஸ் ஒரைசே அது, கிராம் எதிர்க் குச்சி. இலை காய்ந்த பிறகு செய்தால் ஒன்றும் வராது.

சளி, புண் சீழ், சாக்கடைத் தண்ணீர் மூன்றையும் தொடாதீர்கள். வீட்டில் தட்டு வைத்து எதையும் வளர்க்காதீர்கள். முதல் ஆண்டுக்கு மேலே சொன்னவையே தாராளம்.

4. கண்ணைப் பழக்க அசோலா

சாயத்துக்குப் போகும் முன் ஒரு நாள் இதற்கு ஒதுக்குங்கள். வயலில் மிதக்கும் அசோலாவின் ஓர் இலையை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர் ஸ்லிப் போட்டு மெதுவாக அழுத்துங்கள். 40எக்ஸ் லென்சே போதும், எண்ணெய் வேண்டாம். இலைக்குள்ளிருந்து நீலப்பச்சை மணிமாலைகள் வெளியே வரும். அது அனபீனா, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. மாலையில் அங்கங்கே ஒரு மணி மட்டும் பெரிதாக, வெளிறி, தடித்த சுவரோடு இருக்கும். அதுதான் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிற ஹெட்டிரோசிஸ்ட். ஃபோகஸ் செய்வது, வெளிச்சத்தைக் குறைப்பது, ஸ்லைடை நகர்த்துவது மூன்றும் இதில் கை வந்துவிடும். நேராக 100எக்ஸில் ஆரம்பிக்கிறவர்கள் பாதிப் பேர் தூசியைத்தான் வரைகிறார்கள்.

5. பூச்சு

சுத்தமான ஸ்லைடில் ஊசித்தலை அளவு மாதிரியைப் பரப்புங்கள். காய்ந்த பிறகு அது கண்ணுக்கு மங்கலான வெள்ளைப் படலமாகத்தான் தெரிய வேண்டும். அதன் அடியில் அச்சிட்ட எழுத்தை வைத்தால் படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் பூச்சு தடிமன், வேறு போடுங்கள்.

தானாகக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். அவசரப்பட்டு ஈரத்தோடு சுடரில் காட்டினால் செல்கள் வெந்து சுருங்கிவிடும், குச்சியெல்லாம் உருண்டைபோலத் தெரியும். காய்ந்த பிறகு சுடரின் மேலே இரண்டு மூன்று முறை ஆட்டினால் போதும். ஸ்லைடு புறங்கையில் சூடாக உறுத்தக் கூடாது.

6. கிராம் சாயம்

கிரிஸ்டல் வயலெட் ஒரு நிமிடம், தண்ணீரில் கழுவல். அயோடின் ஒரு நிமிடம், கழுவல். ஆல்கஹால், இதைக் கீழே சொல்கிறேன். கழுவல். சாஃப்ரனின் ஒரு நிமிடம், கழுவல், ஒற்றி எடுத்தல். தேய்க்கக் கூடாது.

நேர் வகைக்குச் செல் சுவரில் பெப்டிடோகிளைக்கான் தடிமனாக இருப்பதால் ஊதாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எதிர் வகையில் அது மெல்லியது, அதன்மேல் ஒரு வெளிச்சவ்வு. ஆல்கஹால் பட்டதும் ஊதா வெளியேறி, பிறகு சாஃப்ரனினின் இளஞ்சிவப்பு ஏறும். எல்லாமே ஆல்கஹால் நேரத்தில்தான் இருக்கிறது. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வடியும் சொட்டில் ஊதா நின்ற அந்த நொடியே தண்ணீர். பொதுவாகப் பத்து முதல் இருபது நொடி. கூடினால் நேர் வகையும் இளஞ்சிவப்பாகும், குறைந்தால் எதிர் வகையும் ஊதாவாகவே நிற்கும்.

இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு, கட்டாயம் செய்யுங்கள். அதே ஸ்லைடின் ஒரு ஓரத்தில் தயிர்த் தண்ணீர், மறு ஓரத்தில் உளுந்து முடிச்சுக் கலங்கல், நடுவில் உங்கள் மாதிரி. தயிர் ஊதாவாகவும் முடிச்சு இளஞ்சிவப்பாகவும் வந்தால் மட்டுமே நடுவில் உள்ளதை நம்புங்கள். தயிரும் இளஞ்சிவப்பானால் ஆல்கஹால் கூடிவிட்டது. முடிச்சும் ஊதாவானால் குறைந்துவிட்டது. இரண்டிலும் ஸ்லைடைப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

இன்னொரு பொறி, வளர்ப்பின் வயது. 18 முதல் 24 மணி நேர வளர்ப்பில் செய்ய வேண்டும். நாள்பட்டதில் நேர் வகைச் செல்களின் சுவர் சிதைந்து ஊதாவைப் பிடிக்காமல் விட்டுவிடும். திங்கட்கிழமை வகுப்பு என்றால் வெள்ளிக்கிழமை போட்ட தட்டைத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை புதிதாக மாற்றிப் போட முடியுமா என்று ஆய்வக உதவியாளரிடம் முன்பே மரியாதையாகக் கேட்டு வையுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

7. பார்த்ததை எழுதும் வரிசை

10எக்ஸில் பூச்சைக் கண்டுபிடித்து, 40எக்ஸில் நிறம் சீராக உள்ள இடம் தேடி, எண்ணெய்ச் சொட்டு வைத்து 100எக்ஸுக்குப் போங்கள். எண்ணெய் வைத்த பிறகு 40எக்ஸுக்குத் திரும்பாதீர்கள், அந்த லென்ஸ் எண்ணெய்க்கு ஆனதல்ல. ஸ்லைடின் ஓரத்தையும் தடித்த கட்டிகளையும் விட்டுவிட்டு, செல்கள் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் பாருங்கள்.

முதலில் தனிச் செல்லின் வடிவம். கோளம், குச்சி, கால்புள்ளிபோல் வளைந்தது, விறைத்த சுருள், நெகிழ்ந்து நெளியும் சுருள், கிளைவிட்ட இழை. ஐந்தாவது ஸ்பைரோகீட், நான்காவது ஸ்பைரில்லம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினால் மதிப்பெண் போய்விடும். கிளைவிட்ட இழைக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் எடுத்துக்காட்டு, மழை பெய்த மண்ணின் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைச் சுரக்கிற இனம். நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் காக்கோபேசில்லஸ் என்று எழுதுங்கள். குச்சியை முனைப்பக்கமாகப் பார்த்தாலும் வட்டமாகத்தான் தெரியும். அதனால் ஒரே ஒரு செல்லை வைத்து முடிவு கட்டாமல், பத்து இடமாவது நகர்த்திப் பார்த்து எது அதிகமோ அதை எழுதுங்கள்.

அடுத்தது அடுக்கு. உருண்டைகளில் இரட்டை, சங்கிலி, நான்கு நான்காக, எட்டு எட்டாக, ஒழுங்கில்லாத கொத்து என்று உண்டு. செல் எந்தத் தளத்தில் பிரிகிறது, பிரிந்த பிறகு ஒட்டியே இருக்கிறதா என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. ஒரே தளத்தில் பிரிந்தால் சங்கிலி, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளத்தில் பிரிந்தால் நான்கு, மூன்று தளத்தில் ஒழுங்காகப் பிரிந்தால் எட்டு. குச்சிகள் குறுக்குத் தளத்தில் மட்டுமே பிரிவதால் அவற்றுக்கு இத்தனை அடுக்கு கிடையாது. வைவாவில் ‘ஏன்’ என்று கேட்கப்படும் இடம் இது.

மூன்றாவது நிறம், நான்காவது அளவு. அளவு தெரியாவிட்டால் தோராயம் என்று குறித்து எழுதுங்கள். ஈ. கோலை 1 முதல் 2 மைக்ரோமீட்டர் நீளம்; அதை மனதில் வைத்துக்கொண்டால் ஒப்பிட முடியும். பெயர் கடைசியில். நுண்ணோக்கியை மட்டும் வைத்து ‘ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்று எழுதாதீர்கள். ‘கிராம் நேர் கோளங்கள், கொத்தாக’ என்று எழுதுங்கள். அதற்குமேல் சொல்ல உங்கள் கண்ணில் சான்று இல்லை.

8. வடிவத்தைத் தாண்டி வகைப்படுத்தல்

வடிவம் உறவைச் சொல்லாது. கோளமான ஸ்டஃபைலோகாக்கசும் குச்சியான பேசில்லசும் பேசில்லோட்டா என்ற ஒரே தொகுதி (ஃபைலம்). இன்னொரு கோளமான நைசீரியா எங்கோ தள்ளி, ஈ. கோலையின் தொகுதியான சூடோமோனடோட்டாவில் இருக்கிறது. அதனால் அடையாளம் காண ஒவ்வொரு சோதனையாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்: அகவித்து (செல்லுக்குள் உண்டாகும் தாக்குப்பிடிக்கும் வித்து) உண்டா, நகருமா, ஆக்சிஜன் வேண்டுமா, எந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கும் என்று. கேட்டலேஸ் சோதனை ஒன்றே நிறைய வேலையை முடித்துக் கொடுக்கும். கிராம் நேர் கோளங்களின் காலனியில் (தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டு) ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு; நுரைத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் பக்கம், நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பக்கம். இரத்த அகாரில் வளர்ந்த காலனியில் செய்யாதீர்கள், இரத்தமே நுரைக்கும்.

நகர்வைத் தொங்கு சொட்டு முறையில் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இருந்த இடத்திலேயே நடுங்குவது நகர்வு அல்ல, தண்ணீர் மூலக்கூறு மோதுவதால் எந்தத் தூசியும் நடுங்கும். ஒரு செல் மற்றவற்றைத் தாண்டித் தன் வழியில் போனால்தான் கசையிழை (நீந்த உதவும் வால்போன்ற இழை) உண்டு என்று கொள்ளலாம்.

இறுதி முடிவு 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு வரிசையில். சுமார் 1,500 எழுத்து நீளம். வெளியே அனுப்பித்தான் செய்ய வேண்டும், செலவும் ஆகும். முதல் ஆண்டில் பெயரளவில் தெரிந்தால் போதும்.

பழைய நோட்ஸை நகல் எடுத்துப் படிக்கிறவர்கள் கவனிக்க: 2021ல் தொகுதிப் பெயர்கள் மாறிவிட்டன. ஃபர்மிக்யூட்ஸ் இப்போது பேசில்லோட்டா, புரோட்டியோபாக்டீரியா இப்போது சூடோமோனடோட்டா. 2020ல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தையும் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். விடைத்தாளில் உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பெயரை எழுதி, புதுப் பெயரையும் பக்கத்தில் குறியுங்கள்.

சதுர வடிவ பாக்டீரியா என்று கேட்டு வந்தால் ஏமாறாதீர்கள். உப்புக் குளங்களில் வாழும் அந்தச் சதுரச் செல் ஆர்க்கியா என்ற தனிப் பிரிவு நுண்ணுயிர், பாக்டீரியா இல்லை. வயல் சேற்றில் மீத்தேன் உண்டாக்குபவையும் ஆர்க்கியாதான்.

9. கிராம் சாயத்தில் சிக்காதவை

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா, தண்ணீர் நிற்கும் வயலில் வெறுங்காலோடு இறங்கும் நம் ஊர்க்காரர்களுக்கு மிக நெருக்கமான ஆபத்து. தடிமன் சுமார் 0.1 மைக்ரோமீட்டர்தான், கிராம் சாயத்தில் தெரியாது, இருள்புல நுண்ணோக்கி வேண்டும். எள்ளில் பூவெல்லாம் பச்சை இலையாக மாறும் நோய்க்குக் காரணமான ஃபைட்டோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது, அதனால் நிலையான வடிவமும் இல்லை. காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவரில் கிராம் சாயம் சரியாக ஏறாது. அதற்கு அமில உறுதிச் சாயம். ‘எல்லா பாக்டீரியாவையும் கிராம் முறையில் பிரிக்கலாமா’ என்று வைவாவில் கேட்டால் இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

10. முடித்த பிறகு

100எக்ஸ் லென்சை லென்ஸ் தாளால் மட்டும் துடையுங்கள்; கைக்குட்டை கீறும். நம் மழைக்காலத்தில் லென்சிலேயே பூஞ்சை படரும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு வையுங்கள், நீலம் போய் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். பயன்படுத்திய ஸ்லைடுகளைக் கிருமிநாசினிக் குவளையில் போடுங்கள். சாயப் புட்டிகளில் திறந்த தேதியை எழுதுங்கள். அயோடின் வெளிறிப்போனால் வேலை செய்யாது. உளுந்து மாதிரியும் இலைக்கருகல் மாதிரியும் ஒரே பருவத்தில் கிடைக்காது என்பதால், கிடைத்த காலத்தில் நல்ல ஸ்லைடு ஒன்றைப் போன் கேமராவில் கண்வில்லை வழியாகப் படம் எடுத்து, தேதியோடு ரெக்கார்டில் ஒட்டி, அந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.